குற்றப் புலனாய்வு எஸ்கேப் ரூம் விளையாடியவர்கள் வாங்க: எது பிடித்தது, எது ஏமாற்றியது?

பொங்கோல்_பாரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அண்மையில் அலுவலக நண்பர்களோடு இங்கே சிங்கப்பூரில் பூகிஸ் பக்கம் ஒரு எஸ்கேப் ரூமுக்கு (துப்புகளைக் கண்டுபிடித்து, பூட்டிய அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டு) போயிருந்தேன். கொலை வழக்கு. நகைக்கடை முதலாளி தன் அலுவலக அறையிலேயே இறந்து கிடக்கிறார். நாம் சிஐடி அதிகாரிகள். சந்தேக நபர்கள் மூன்று பேரில் யார் என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும்.

சிறைச்சாலை, பேய் பங்களா, பிரமிடு என்று பல அறைகள் பார்த்தாயிற்று. இது மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. காரணம் ஒரு சின்னப் பொருள். மேசையில் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்று இருந்தது. புரட்டிக்கொண்டே போனால் நடுவில் ஒரு எண்ணைக் காணோம். மேல்தாளும் இல்லை, அடியில் இருக்க வேண்டிய நகலும் இல்லை, யாரோ இரண்டையும் சேர்த்துக் கிழித்திருக்கிறார்கள். ஆனால் கார்பன் தாளை அப்படியே விட்டுவிட்டார்கள். அதை எடுத்து மேசை விளக்குக்கு எதிரே பிடித்தால், கடைசியாக எழுதிய பெயரும் தொகையும் மை போன இடமாகத் தெரிகின்றன. எந்தப் பூட்டும் திறக்கவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் "அடேய்!" என்று கத்தினோம். (இது தொடக்கத்திலேயே வரும் துப்பு. சொல்வதால் முடிவு கெடாது.)

பல இடங்களில் கொலை என்பது சுவரொட்டியோடு சரி. உள்ளே போனால் எண்பூட்டு, அதைத் திறந்தால் இன்னொரு எண்பூட்டு. இறந்தவர் யார், அவரை யாருக்குப் பிடிக்காது என்று யோசிக்கவே வேண்டாம். எனக்கு அது குற்றக் கதையே இல்லை. சாட்சி சொன்னதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

இரண்டு வேண்டுகோள். கொலையாளி யார் என்று எழுதிவிடாதீர்கள். குறை சொல்வதானால் கடைப் பெயர் வேண்டாம். பல அறைகள் கைமாறிவிட்டன, இன்று நடத்துபவர் வேறு ஆளாக இருக்கலாம்.

ஜூரோங்_மல்லி

பாரி, நல்ல இழை. எங்கள் வீட்டில் துப்பறியும் கதைக்கு அடிமை என்றால் அம்மாதான். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் பண்ணி இன்றைக்கும் அலமாரியில் வைத்திருக்கிறார். அவர் பிறந்தநாளுக்கு ஒரு கொலை வழக்கு அறைக்கு அழைத்துப் போனோம். வாக்குமூலம் எல்லாம் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், மங்கிய சிவப்பு விளக்கில். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பூட்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தோம். வாக்கி டாக்கியில் உதவி கேட்டால், "இடது பக்க டிராயர்" என்று நேராக விடையையே சொன்னார்கள். வெளியே வந்ததும் அம்மா, "யாரும்மா கொன்னது?" என்று கேட்டார். எங்களுக்கே தெரியவில்லை.

மனது கேட்காமல் வேறோர் இடத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே விளையாட்டை நடத்தும் கேம் மாஸ்டராக இருந்த பையன் அம்மாவைப் பார்த்ததுமே, "ஆண்டி, அடுத்த குழு ஏழு மணிக்குத்தான். நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்" என்று நேரத்தைக் கூட்டிக் கொடுத்தான். தங்கை ஒவ்வொரு வாக்குமூலத்தையும் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி, "அந்த நேரத்தில் மூங்கில் கழியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்" என்கிறாள். காவலாளியோ வேறு எதையோ பேசும்போது, குடை இல்லாமல் நனைந்ததைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறான். அம்மா கண்ணைத் திறந்து, "மழையில எவ துணி காயப் போடுவா?" என்றார். அன்றைக்கு முழு விளையாட்டும் அந்த ஒரு கேள்வியில்தான் திரும்பியது. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் கழி கழியாகத் துணி காயப் போட்டு வாழ்ந்தவருக்குத்தான் அது பட்டென்று தெரியும்.

ஆய்வகவாசி

நான் வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன், தடயவியல்காரன் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தக் குற்ற அறைக்குப் போனாலும் கையில் ஒரு யூவி (புற ஊதா) டார்ச் கொடுத்துவிடுகிறார்கள். அடித்தால் சுவரில் "ரத்தம்" பச்சையாகப் பளபளக்கும். உண்மையில் ரத்தம் யூவி ஒளியில் ஒளிராது. அந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு கறுத்துத் தெரியும். எச்சில், சிறுநீர் ஒளிரும். சலவைத் தூளில் வெளுப்புக்காகச் சேர்க்கும் பொருள் ஒளிரும், அதனால்தான் விளையாடுபவரின் வெள்ளைச் சட்டை அங்கே அப்படி மின்னுகிறது. டானிக் வாட்டரில் உள்ள கொய்னாவும் நீலமாக ஒளிரும்.

ரத்தக் கறையைத் தேட லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளிப்பார்கள். ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு தூண்டிவிட, அதுவே நீல ஒளி விடும். டார்ச் தேவையில்லை, இருட்டுதான் தேவை. அதுவும் சிறிது நேரத்துக்கே தெரியும், உடனே படம் எடுத்துவிட வேண்டும். பிளீச் ஊற்றித் துடைத்த தரையும் லூமினாலுக்கு ஒளிரும். இதை வைத்து எவ்வளவு அழகான புதிர் செய்யலாம்! தரை முழுக்க ஒளிர்கிறது. ரத்தமா, அல்லது யாரோ அவசரமாகக் கழுவினார்களா? சமையலறை அலமாரியில் காலியான பிளீச் பாட்டில் இருந்தால் கதை ஒரு பக்கம் போகும், இல்லாவிட்டால் வேறு பக்கம்.

இறந்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உடல் விறைப்பு பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொடங்கும், பன்னிரண்டு மணி நேர அளவில் முழுதும் பரவும் என்பார்கள். வெப்பத்தில் சீக்கிரம், குளிரில் தாமதம். நம் ஊரில் ஏர்கான் ஓடிய அறைக்கும் ஜன்னல் திறந்திருந்த அறைக்கும் இதில் பெரிய வித்தியாசம் வரும். ஏர்கானை யார் அணைத்தது என்பதே ஒரு துப்பு. விரல்ரேகை பற்றி அறை அமைப்பவர்களுக்கு ஆர்வம் இருந்தால் 1897ஆம் ஆண்டு கல்கத்தாவைப் படிக்கலாம். உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு என்று சொல்லப்படுவது அங்கேதான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு காவல்துறை அதிகாரிகள். முறைக்குப் பெயர் கிடைத்ததோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு. அந்தக் கதையையே ஒரு அறையாகக் கட்டலாம்.

தேக்கா_தம்பி

ஆய்வகவாசி அண்ணே, படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் எல்லோரும் பாடம் படிக்கப் போவதில்லையே. வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தங்கையோடும் அவள் தோழிகளோடும் போகிறேன். இருட்டில் டார்ச் அடித்ததும் சுவரில் கைத்தடம் பளிச்சென்று வந்தபோது அவர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதற்கே ஆளுக்கு முப்பது வெள்ளி (டாலர்) கொடுக்கலாம். பூட்டு திறக்கும் 'டக்' சத்தமும் எனக்குப் பிடிக்கும். வாக்குமூலம் படிக்கிற வேலை என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து புத்தகம் படித்துவிடுவேன்.

ஆய்வகவாசி

டார்ச் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதிய மிரட்டல் கடிதம் என்று வைத்தால் டார்ச்சும் சரி, வேதியியலும் சரி, கூச்சலும் கிடைக்கும். ரத்தம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

கேலாங்_சேரன்

கொஞ்சம் பழைய கதை. இந்த விளையாட்டு 2007இல் ஜப்பானின் கியோத்தோவில் ஸ்கிராப் என்ற நிறுவனத்தின் தக்காவோ கத்தோ தொடங்கியது. கணினியில் விளையாடிய 'அறையிலிருந்து தப்பி' விளையாட்டுகளை நிஜ இடத்துக்குக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது, ஒரு கட்டத்தில் நகருக்குள் எங்கே பார்த்தாலும் ஒன்று இருந்தது. 2020 ஏப்ரல் 7 முதல் எல்லாம் மூடிக் கிடந்த மாதங்களும், பிறகு ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற கட்டுப்பாடும் பலருக்குப் பெரிய அடி. இப்போது சீன நண்பர்கள் 'ஜூபென்ஷா' என்று ஒன்றுக்கு அழைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம், ஒரு ரகசியம், மணிக்கணக்கில் பேசிப் பேசியே கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பூட்டே கிடையாது. பாரிக்கு அது பிடிக்கும்.

என் கேள்வி இது. ஏன் எல்லா அறையிலும் லண்டன், சிகாகோ? இங்கே நடந்த வழக்குகள் இல்லையா? 1971இல் நடந்த தங்கக் கட்டி கொலைகள், 1984இல் ஒருவர் காணாமல்போன வழக்கு. ஊரே பேசியவை. யாராவது அவற்றை வைத்து அறை அமைத்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.

ஈசூன்_வள்ளி

சேரன் அண்ணே, அந்த இரண்டாவது வழக்கை மட்டும் தொட வேண்டாம். காணாமல்போனவர் நம் ஆள், சாங்கிப் பக்கம் விடுதிக் காவலாளியாக வேலை பார்த்தவர். 1987இல் ஆறு பேரைப் பிடித்தார்கள். போதிய ஆதாரம் இல்லாமல் அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் அவர்களை விட்டது. உடல் கிடைக்கவே இல்லை. ஊரில் அந்த வழக்குக்கு வைத்த பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். ஒரு மனிதரின் சாவை உணவுப் பெயரால் அழைப்பதை என் வீட்டிலும் அனுமதிப்பதில்லை. எதுவும் நிரூபிக்கப்படாத வழக்கில் 'கொலையாளியைக் கண்டுபிடி' என்று டைமர் வைத்தால், யாரைக் குற்றவாளி என்று அட்டையில் அச்சடிப்பீர்கள்? அவருடைய குடும்பம் இந்த ஊரில்தான் இருந்தது. பிள்ளைகள் பெரியவர்களாகியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் பூகிஸில் நடந்து போகும்போது அந்தச் சுவரொட்டியைப் பார்க்க வேண்டுமா?

கேலாங்_சேரன்

நீங்கள் சொல்வது புரிகிறது, வள்ளி. நான் கேட்பது வேடிக்கைக்காக இல்லை. 1971 வழக்கில் விசாரணை முடிந்தது, தீர்ப்பு வந்தது, ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதை வரலாறாகச் சொல்ல ஒரு முறை இருக்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

ஈசூன்_வள்ளி

கண்காட்சியாகச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அங்கேயும் மூன்று பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அண்ணே. அறுபது நிமிட விளையாட்டாக வேண்டாம். ஊரின் வாசனை வேண்டும் என்றால் கற்பனைக் குற்றத்தை நம் ஊரில் நடத்துங்கள். மல்லி அம்மாவின் மூங்கில் கழி அதைத்தானே செய்தது?

செம்பவாங்_செல்வி

வள்ளி சொன்னதைத்தான் நான் வீட்டில் செய்து பார்த்தேன். ஆண்டு இறுதியில் அண்ணன் குடும்பம், சித்தி குடும்பம் எல்லோரும் வருவார்கள். பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டு எழுதினேன். கொலை இல்லை, திருட்டு. செம்பவாங் கப்பல் பட்டறை ஊழியர் ஒருவர் வீட்டில், 1981 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு விருந்து. அலமாரியில் இருந்த சீட்டுப் பணம் காணோம்.

ஏன் அந்தத் தேதி? அதுவரை நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. அன்று இரவு 11.30 ஆனதும் முள்ளை நேராக 12க்குத் தள்ளி, எட்டு மணி நேரம் ஆக்கினார்கள். அதாவது அன்றைக்கு 11.30க்கும் 12க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் இந்த ஊரில் வரவே இல்லை. என் விளையாட்டில் ஒரு சாட்சி சொல்கிறார்: "பதினொன்றே முக்காலுக்கு அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்தேன்."

பிள்ளைகளுக்காகப் பழைய நாளிதழ் மாதிரி ஒரு தாள் அச்சிட்டு, அதில் நேர மாற்ற அறிவிப்பை மூலையில் சின்னதாக வைத்தேன். அதன் மேல் வடைத்தட்டை வைத்துவிட்டோம். எண்ணெய் ஊறிய தாளைப் பெரியண்ணன் மகள்தான் எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு அப்பாவிடம் போய், "அந்த நேரமே இல்லையாமே?" என்றாள். அண்ணன் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். அந்த இரவில் அவர் பள்ளிப் பையன், வீட்டுக் கடிகாரத்தை நாற்காலி மேல் ஏறி மாற்றியது அவர்தானாம். பிறகு விளையாட்டு கால் மணி நேரம் நின்றுபோனது, பெரியவர்கள் எல்லாம் அந்த ராத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கோல்_பாரி

செல்வி அக்கா! காசு கொடுத்துப் போன எந்த அறையிலும் இப்படி ஒரு துப்பு கிடைக்கவில்லை.

ஆய்வகவாசி

அருமை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறதே. அந்தச் சாட்சி கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை என்றால்? அவர் கையில் 11.45 வந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, பழைய நேரத்தில் சொல்கிறார்.

செம்பவாங்_செல்வி

அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன். நள்ளிரவில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதும் இல்லையா? கடிகாரத்தை மாற்றாதவருக்கு அந்தச் சத்தம் பதினொன்றரைக்குக் கேட்டிருக்க வேண்டும். இந்தச் சாட்சியோ, "சங்கு ஊதியபோது மணி பன்னிரண்டு, அதற்குக் கால் மணி நேரம் முன்னால்தான் பார்த்தேன்" என்கிறார். இரண்டும் சேர்ந்து வராது.

தேக்கா_தம்பி

சாயங்காலமே முள்ளை அரை மணி நேரம் தள்ளி வைத்துவிட்டிருந்தால் வருமே அக்கா! மறந்துபோகும் என்று முன்கூட்டியே மாற்றுகிற ஆட்கள் உண்டு. எங்கள் தாத்தா அப்படித்தான், எல்லாவற்றையும் முந்திச் செய்வார்.

செம்பவாங்_செல்வி

தம்பி, வாக்குமூலம் படிப்பது பிடிக்காது என்றாயே! நல்ல கேள்வி. அதே சாட்சி, எட்டு மணிச் செய்தி தொடங்கும்போது தன் கடிகாரத்தைச் சரிபார்த்ததாக வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறார். முன்கூட்டியே தள்ளியிருந்தால் அவர் கையில் எட்டரை காட்டியிருக்கும்.

ஜூரோங்_மல்லி

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் உடனே, "ராகு காலத்தை வைச்சு ஒண்ணு போடச் சொல்லு" என்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அது காலை ஆறு மணிக்கு சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. இங்கே உதயம் ஏழு மணியளவில், ஆகவே ராகு காலமும் பதினொன்றரை வாக்கில்தான் தொடங்கும். அடகுக் கடைக்காரர் ஒருவர் எந்தக் கணக்கைப் பார்த்துப் பெட்டியைத் திறப்பார் என்பதை வைத்து ஒரு பொய்யைப் பிடிக்கலாம் என்று அம்மா சொல்கிறார். எழுதிக்கொண்டே இருக்கிறார், நான் தேநீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

சட்டம்_படிக்கும்_பிள்ளை

நானும் ஒரு குறை சொல்லலாமா? ஓர் அறையில் கடைசிக் கட்டம் நீதிமன்றம். கதை 1985இல் சிங்கப்பூரில் நடக்கிறது. "நீங்கள்தான் ஜூரி, வாக்களியுங்கள்" என்றார்கள். பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை இங்கே 1969இலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மரண தண்டனை வழக்குகளை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரித்தார்கள், 1992இலிருந்து ஒருவர். கதையை 1950களுக்குத் தள்ளியிருந்தால் ஜூரியும் பொருந்தும், பழைய உடை, தட்டச்சு இயந்திரம் என்று அறையும் அழகாக இருந்திருக்கும். அமைப்பவர்கள் உழைத்திருந்தார்கள், சாட்சிக் கூண்டு எல்லாம் நல்ல மரவேலை. ஆண்டு ஒன்றுதான் தப்பு. எனக்கு அதன் பிறகு மனம் ஒட்டவில்லை.

உட்லண்ட்ஸ்_தாய்

பத்து வயது மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கொலை அறைக்கு அழைத்துப் போகலாமா? அதைவிட, கதவைப் பூட்டிவிடுவார்களே, பாதுகாப்பு எப்படி?

கேலாங்_சேரன்

தங்கச்சி, இதைக் கேட்டது நல்லது. 2019 ஜனவரியில் போலந்தின் கோஷலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகள் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதிலிருந்து நான் எங்கே போனாலும் உள்ளே நுழையும் முன் கதவைத்தான் பார்க்கிறேன். காந்தப் பூட்டு என்றால் மின்சாரம் இருக்கும் வரைதான் பிடித்திருக்கும், மின்சாரம் போனால் தானே விட்டுவிடும். உள்ளேயே ஒரு பொத்தான் இருக்க வேண்டும், அழுத்தினால் திறக்க வேண்டும். கேம் மாஸ்டரை, "ஒரு தடவை அழுத்திக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் கேட்காமலே காட்டுவார்கள். முகம் சுளித்தால் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்துவிடுங்கள். கேமராவில் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஈசூன்_வள்ளி

பத்து வயது என்றால் திருட்டு, கடத்தல், காணாமல்போன ஓவியம் மாதிரி இருக்கும் அறையாகப் பாருங்கள். முன்பதிவு செய்யும்போதே "பயமுறுத்த ஆள் வருவாரா" என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் நடிகர் ஒருவர் இருட்டிலிருந்து பாய்ந்து வருவார். என் அக்கா மகன் அதற்குப் பிறகு பல நாள் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான். அப்புறம் நான்கு பேர் போதும். ஆறேழு பேர் போனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எந்தப் பொருளும் வராது.

உட்லண்ட்ஸ்_தாய்

மிக்க நன்றி. செல்வி அக்காவின் சீட்டுப் பண விளையாட்டை வீட்டில் நடத்த முடியுமா? தாள்களை அனுப்புவீர்களா?

செம்பவாங்_செல்வி

கட்டாயம். வாக்குமூலங்களைக் கொஞ்சம் சுருக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு இந்த வாரக் கடைசிக்குள் இங்கேயே ஏற்றுகிறேன். மல்லி, அம்மாவின் அடகுக் கடை வந்தால் அதையும் சேர்த்துவிடுவோம், அவர் பெயரோடு. நாளிதழ்த் தாளை மட்டும் நீங்களே ஒரு நாள் முன்னதாகத் தேநீரில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள், பழுப்பு நிறம் அப்படியே வரும்.

ஆய்வகவாசி

கடைசியாக ஒன்று, செல்வி. மூன்றாவது சாட்சி கப்பலில் வந்தவர் என்றீர்களானால் அவர் கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் இருக்கும்?

செம்பவாங்_செல்வி

மூன்றாவது சாட்சி இருக்கிறார் என்றே நான் சொல்லவில்லையே! சென்னையிலிருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் சொல்வேன். இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். மிச்சத்தை நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள், விளையாடப் போகிறவர்கள் இங்கே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.